காலிப்பருக்கு அடங்காத வயிறு

என் மகனுக்கு ஒன்றரை வயது நடக்கும்போது வாந்தியும் பேதியும் வந்தது. வந்ததைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. எழுபதுகளில் ஒரு கோடை அது. மணவாள நகரில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது, வந்த மாதிரியே போனது. போன பிறகு அவன் உடம்பில் ஒவ்வொன்றாக மாற ஆரம்பித்ததே, அதுதான் எங்கள் உயிரை வாங்கியது.

என் வீட்டுக்காரர் காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் டர்னர். லேத் மெஷினில் இரும்பைக் கடைவது, அளந்து பார்ப்பது, மறுபடி கடைவது, மறுபடி அளப்பது, இதுதான் அவருக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கல்யாணமான புதிதில் நான் சுட்ட தோசையைத் தட்டிலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் வாங்கிக்கினு கீது" என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் காலை நாஷ்டாவுக்கு அவருக்குப் பழைய சோறுதான் கிடைத்தது. பழைய சோற்றில் கோணல் கண்டுபிடிக்க முடியாது.

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து எட்டாவது வரை படித்தவள். எங்கள் பக்கத்தில் எல்லாம் கண்திட்டம்தான். மீனைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வோம், மேகத்தைப் பார்த்து மழை சொல்வோம், பாதி நேரம் தப்பாகச் சொல்வோம். இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு ஒரு நோயும் வந்து போனால் வீடு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பேதி நிற்பதற்குள் பையன் பாதியாகிவிட்டான். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் என் தோளில் ஈரத்துணி மாதிரி கிடந்தான். திருவள்ளூர் பஜார் பக்கம் ஒரு லேடி டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். அவர்தான் குளுக்கோஸ் ஏற்றினார். கஞ்சித் தண்ணீரும் இளநீரும் கொடுக்கச் சொன்னார். ஒரு நாள் காலையில் அவன் தலையைத் தூக்கி என்னிடம் "மம்மம்" கேட்டபோது, "பொழைச்சிட்டான், கூட்டிட்டுப் போம்மா" என்றார். நான் கிளினிக் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் மம்மம் வரவில்லையே என்று அழுதான்.

வீட்டுக்கு வந்து அவன் எழுந்து நின்ற அன்றைக்கு, அவனுடைய அரைஞாண் கயிறு இடுப்பிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. அவன் பாட்டுக்கு அதைத் தாண்டி நடந்து போய்விட்டான்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு அரைஞாண் கயிறுதான் எடை மெஷின். கயிறு தளர்ந்தால் பிள்ளை இளைத்திருக்கிறது, இறுகினால் தேறியிருக்கிறது. கறுப்புப் பருத்திக் கயிறு, வேர்வையிலும் குளியலிலும் நைந்து தானாகவே நெகிழ்ந்து கொடுக்கும். ஒரு நாள் இற்று அறுந்து விழும். வேறு கட்டுவோம். எந்தத் தாயும் அதைப் பற்றி உட்கார்ந்து யோசித்தது கிடையாது. ஆனால் யார் கட்டுவது என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் கறார். பிள்ளைக்கு முதல் கயிறும், நோயில் விழுந்து எழுந்த பிறகு கட்டுகிற கயிறும் தாய்மாமன் கையால்தான் ஏற வேண்டும். அப்படி அவன் கட்டியதை அவனே வந்து எடுத்தால் ஒழிய வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டோம்.

என் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு கூடை உயிர் நண்டோடு வந்து இறங்கினான். செங்குன்றத்தில் பஸ் மாறும்போது கூடைக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்து கண்டக்டர் காலைப் பிடித்திருக்கிறது. அதிலிருந்து திருவள்ளூர் வரைக்கும் கூடையோடு இவனும் பஸ் கூரைமேல் உட்கார்ந்து வந்தானாம். வெயிலில் கறுத்துப்போய் வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் லுங்கி மடிப்பிலிருந்து ஒரு கண்டு நூலை எடுத்தான். பச்சைப் பசேலென்று இருந்தது.

"இன்னாடா இது, பச்சையா கீது? கறுப்புக் கவுறு இல்லியா?" என்றேன்.

"கறுப்பு தான் வுழுந்துடுச்சே, பாத்தியே. இது நைலானுக்கா. வுழாது, அறாது, தண்ணில கெடந்தாலும் ஒன்னியும் ஆவாது. எங்க படகே இதுலதான் கட்டிக்கினு நிக்குது."

நைலான் வலைகள் எங்கள் குப்பத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் தம்பி நைலானைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாத காலம். அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடப் பெண்ணின் அப்பாவிடம் வலை நூலைப் பற்றியே பேசிவிட்டு, பெண்ணைச் சரியாகப் பார்க்காமல் வந்தவன். நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி, நாலு இழையாக முறுக்கினான். மறுபடி நழுவக் கூடாது என்று பையனின் குச்சி இடுப்பில் ஒட்டினாற்போலச் சுற்றி, வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு, எச்சில் தொட்டு இழுத்தான். பிறகு பீடியைப் பற்றவைத்து, அதன் நெருப்பை முடிச்சின் நுனியில் வைத்தான்.

என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார். "யோவ் மச்சான், இன்னாய்யா பண்ற? புள்ள தீஞ்சிடப் போறான்."

"கீழ என் கை கீது மாமா. சுட்டா எனக்குத்தான் சுடும்."

நுனி உருகி, உருண்டையாக இறுகிவிட்டது. இவர் குனிந்து அதை நகத்தால் தட்டிப் பார்த்தார். தொழில்காரர் இல்லையா, கோபம் போய் மரியாதை வந்துவிட்டது. "ரிவிட் அடிச்ச மாதிரி கீதுய்யா" என்றார். அன்றைக்கு நண்டுக் குழம்பு வைத்தேன். எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் முடி. தலையைத் தடவினால் கையோடு வந்தது. பிறகு உள்ளங்கையில் தோல் உரிந்தது. முன்பெல்லாம் எதற்கும் சிரிக்கிற பிள்ளை, தொட்டால் சிணுங்கினான். பக்கத்துப் போர்ஷனில் இருந்த அம்மாள் ஊத்துக்கோட்டைக்காரர், தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் பேசுவார், என் மகனை "நைனா" என்றுதான் கூப்பிடுவார். "முடி போனா போவுது, நைனாவுக்கு ஒடம்பு தேறட்டும்" என்று எனக்குத் தைரியம் சொன்னவர் அவர்தான். கொஞ்ச நாள் கழித்து, "இன்னாம்மா, நைனா வயிறு இப்டிக் கீது?" என்று தீயைப் பற்றவைத்தவரும் அவர்தான்.

பார்த்தேன். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அதன் கீழே கால் இரண்டும் மெலிசாகத் தெரிந்தன.

அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். வயிறு பெருத்து, கைகால் சூம்பி, பிள்ளை சதா சிணுங்கினால் மனசு நேராக ஒரே இடத்துக்குத்தான் போகும். ஈரல் கட்டி. அதற்கு மருந்து என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். எனக்கு அது சுவரில் படித்துத் தெரிந்த பெயர் இல்லை. என் அக்காவின் பிள்ளை அதில்தான் போனது.

அக்கா கும்மிடிப்பூண்டியில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் அங்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிகளுக்குக் கட்டட வேலைக்குப் போவார். என் மகன் பிறப்பதற்கு முன்னால், அவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். அங்கே ஒரு நர்ஸம்மா அவள் விரலைப் பிடித்து, பிள்ளையின் வலது விலா எலும்புக்குக் கீழே வைத்து, இதுதான் ஈரல், இது மெத்தென்று ஆகிறதா என்று தினமும் தொட்டுப் பார் என்று காட்டிக் கொடுத்திருக்கிறார். தினமும் பார்த்தாள். கடைசி வரைக்கும் ஆகவில்லை. "கல்லு மாதிரியே இருந்துச்சிடி" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் அவள் எந்தப் பிள்ளையையும் தூக்கியதில்லை. என் மகன் பிறந்தபோது வந்தாள். புதுச் சட்டையைத் தூளி ஓரத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். "தூக்கேன்க்கா" என்றால், "இருக்கட்டும்டி, அப்பால தூக்கறேன்" என்பாள். என் பிள்ளையை என் கூடப்பிறந்தவளே தொடவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தன் கை ராசியில்லாத கை என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே பையனின் வயிற்றைப் பார்த்ததும் நான் இவரிடம் சொன்ன முதல் வார்த்தை, "அக்காக்குத் தெரியக் கூடாது" என்பதுதான்.

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். இவர் அளவெடுப்பார். மறுநாள் சாப்பாட்டுப் பையில் கம்பெனியிலிருந்து ஒரு பெரிய காலிப்பரைக் கொண்டுவந்தார். வளைந்த இரண்டு கால்கள் உள்ள இரும்புக் கருவி. உருண்டையான இரும்பை அதன் நடுவில் விட்டுத் தடிமன் பார்ப்பார்கள். பையனை நிறுத்தி, சட்டையைத் தூக்கி, வயிற்றின் இரண்டு பக்கமும் அந்தக் கால்கள் பட்டும் படாமலும் வைத்தார். அப்படியே அசையாமல் எடுத்துப் போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நம்பர் கிம்பரெல்லாம் வாணாம்மே. நாளைக்கு வயிறு இதுக்குள்ள போச்சின்னா நல்லாக் கீறான்னு அர்த்தம். போவலன்னா பேஜாரு" என்றார்.

காலையில் போனது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. சாயங்காலம் அவன் வெளிக்குப் போய் வந்த பிறகு போனது. இவர் வந்ததும் சொன்னேன். "சாப்ட்டதும் எவனாவது அளவெடுப்பானா?" என்று என்னைக் கோபித்துக்கொண்டு, காலையில் ஒரே நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். பையனுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. காலிப்பரைக் கண்டாலே சட்டையைத் தூக்கிக்கொண்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பான். "டேய், உள்ள இழுடா" என்று இவர் தன் வயிற்றை எக்கிக் காட்டுவார். அவன் இன்னும் தள்ளுவான். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிடும். ஆனால் நாள் போகப் போகக் காலையிலும் காலிப்பர் போகவில்லை. இவர் அதைக் கொஞ்சம் அகட்டி வைப்பார். சீக்கிரமே அதற்கும் வயிறு அடங்காது. அப்போது இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்காது.

கயிறு மட்டும் தம்பி கட்டிய இடத்திலேயே இருந்தது. எங்கள் ஊர்க் கணக்குப்படி, பிள்ளை தேறினால் இறுகுகிற கயிறு சீக்கிரமே நெகிழும் அல்லது அறும். இது இரண்டும் நடக்கவில்லை, அதனால் பிள்ளை தேறவில்லை, வயிறு மட்டும்தான் வீங்குகிறது என்று நான் கணக்குப் போட்டேன். கயிற்றுக்கு மேலே ஒரு பெரிய வயிறு, கீழே ஒரு சின்ன வயிறு என்று இரண்டு அடுக்காகத் தெரிந்தது. சதை மூடி, கயிறே பாதி கண்ணுக்குப் படாது. குனிந்தால் அழுதான். குனிந்தால் வலிக்கிறது என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்றுதானே பெற்றவள் நினைப்பாள். அக்கா சொன்ன அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. குளிப்பாட்டும்போதுகூட அந்தப் பக்கம் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடுவேன். டாக்டரிடம் போகலாம் என்று இவர் கூப்பிட்டபோதெல்லாம், அமாவாசை போகட்டும், வெள்ளிக்கிழமை போகட்டும் என்று தள்ளினேன். போனால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரே.

அதற்குப் பதிலாகப் பத்தியம் ஆரம்பித்தேன். பாலில்லை, நெய்யில்லை, முட்டையில்லை, மீனில்லை. கஞ்சி மட்டும். காலையில் பக்கத்துப் போர்ஷன் அம்மாள் பறித்துவந்த கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஊற்றுவோம். நான் கையைப் பிடிக்க, அவர் காலைப் பிடிக்க, அவன் முழுசையும் என் புடவை மேல் துப்புவான். அந்த வருஷம் என்னிடம் இருந்த புடவையெல்லாம் பச்சைக் கறைதான். வெறும் கஞ்சி குடிக்கிற பிள்ளைக்கு இப்படி வயிறு பெருக்கிறது என்றால் அது நோயில்லாமல் வேறென்ன என்று என் பயம் இரண்டு மடங்காகியது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி கருவாட்டோடு வந்தான். பையன் வழக்கம்போலச் சட்டையைத் தூக்கிக் காட்டினான். தம்பி முகம் செத்துவிட்டது. அவனும்தானே அக்கா பிள்ளையைப் பார்த்தவன். தான் கட்டிய கயிற்றை அவன் பார்க்கவே இல்லை, எங்களை மாதிரியே வயிற்றைத்தான் பார்த்தான். சோறு போட்டேன், பிசைந்துவிட்டு எழுந்து போய்விட்டான். அக்காவிடம் சொல்லாதே என்று வாசல் வரைக்கும் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினான். ஆட்டியவன் நேராகக் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருக்கிறான். மறுநாள் காலை, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன், அக்காவைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவள் வாசற்படியிலேயே நின்றாள். பையன் யாரோ வந்திருக்கிறார்கள் என்ற குஷியில் அவள் முன்னால் போய் வயிற்றைக் காட்டி நின்றான். அக்கா உட்கார்ந்தாள். அவள் கை அவன் விலாப்பக்கம் வரைக்கும் போனது. தொடவில்லை. முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பாத்து சொல்லுக்கா. ஒனக்குத்தான் தெரியும்" என்றேன். எவ்வளவு நாளாகக் கேட்க நினைத்தேனோ, அதைக் கேட்டே விட்டேன்.

"என் கை வாணாம்டி. கெளம்பு, இப்பவே டாக்டரம்மாகிட்ட போலாம்" என்றாள். மூத்தவள் குரலில் சொன்னாள். அமாவாசை, வெள்ளிக்கிழமை எதுவும் அவளிடம் செல்லுபடியாகாது என்று எனக்குத் தெரியும். இவர் லீவு சொல்லி அனுப்பிவிட்டுச் சட்டையை மாட்டினார். போகும்போது காலிப்பரையும் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா முன்னால் இவர் முதலில் எடுத்து வைத்தது பிள்ளையை இல்லை, காலிப்பரை.

"என்னங்க இது, இரும்புக்கடைச் சாமானை எடுத்துட்டு வந்திருக்கீங்க?" என்றார் அவர்.

இவர் விளக்கினார். எப்படி வைத்தார், எப்படிப் போகவில்லை, எப்படி அகட்டினார் எல்லாம் சொன்னார். டாக்டரம்மா காலிப்பரைக் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் வைத்தார். "சரி, பிள்ளை என்ன சாப்பிடுறான்?"

"வெறும் கஞ்சிதாங்க. பத்தியம்" என்றேன் பெருமையாக.

இவர் தொண்டையைக் கனைத்தார். "சாய்ங்காலம் டீக்கடைக்கித் தூக்கிக்கினு போவேன். ஒரு பன்னு தருவேங்க. டீயில நனைச்சு."

"தினமுமா?"

"பட்டர் பன்னு" என்றார், கேட்காத கேள்விக்கு. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். மாட்டிக்கொண்டவர் தனியாக மாட்ட மனசில்லாமல், "பக்கத்தூட்டம்மாவும் இவ தண்ணி புடிக்கப் போற நேரத்துல நெய் ஊத்திப் பருப்புச் சோறு ஊட்றாங்க. சொல்ல வாணாம்னாங்க" என்றார். கீழாநெல்லி அரைத்த அதே கை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்குள் டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீ?" என்றார்.

"ஒரே ஒரு துண்டு மீனுங்க. முள்ளு எடுத்துட்டு. பசிக்குதுன்னு அழுதான்" என்றேன்.

"அதுவும் தினமுமா?"

நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன்.

"நோய் விட்ட பிள்ளைக்குப் பசி அப்படித்தான் இருக்கும். மூணு வீட்டுச் சாப்பாட்டை ஒருத்தன் சாப்பிடுறான்" என்று சொல்லிக்கொண்டே அவர் பையனை மேசை மேல் நிறுத்திச் சட்டையைக் கழற்றினார். கைகள் வயிற்றில் வந்து நின்றன. இரண்டு விரலால் மேல் வயிற்றையும் கீழ் வயிற்றையும் விலக்கினார். உள்ளே பச்சையாகக் கயிறு, அதைச் சுற்றிச் சிவந்துபோன பள்ளம். "ஐயய்யோ, இது என்னம்மா இவ்ளோ இறுக்கமா? தேறின பிள்ளையை இப்படியா கட்டி வைப்பாங்க? குனிஞ்சா அழ மாட்டானா?"

என் மரமண்டைக்கு அப்போதும் முழுசாக ஏறவில்லை. அவர் கத்தரிக்கோலை எடுத்ததும் நான் கையைப் பிடித்தேன். "டாக்டரம்மா, அது தாய்மாமன் கட்டினது. அவன்தான் எடுக்கணும்."

"எங்கே அந்தத் தாய்மாமன்?"

வெளியே பெஞ்சில் இருந்த தம்பி உள்ளே வந்தான். கயிற்றைப் பார்த்தான். அவன் முகத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. "அவுக்க முடியாதுங்க. உருக்கி வெச்சிக்கீறேன்" என்றான் மெதுவாக.

"உருக்கி?"

கத்தரிக்கோல் நைலான் மேல் வழுக்கிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா மறுபடி மறுபடி முயன்று பார்த்தார். அந்த நிலைமையிலும் என் தம்பி, "நான்தான் சொன்னேன்லக்கா, அறாதுன்னு" என்றான். அவனை அங்கேயே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கடைசியில் அவனே டாக்டரம்மாவிடம் ஒரு பிளேடு வாங்கி, கயிற்றுக்கு அடியில் தன் சுண்டுவிரலை நுழைத்து, வலையில் சிக்கிய நண்டை எடுக்கிற மாதிரி நிதானமாக, தன் விரல் மேலேயே அறுத்தான். டப்பென்று விட்டது. இரண்டு வயிறும் ஒரே வயிறாகிவிட்டது. பையன் பெரிதாக ஒரு மூச்சு விட்டு, அப்படியே குனிந்து, மேசையில் கிடந்த பச்சைக் கயிற்றைப் பொறுக்கினான். அழவில்லை.

இவர் உடனே காலிப்பரை எடுத்தார். "அதை உள்ளே வைங்க" என்றார் டாக்டரம்மா.

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. கயிறு போனது சரி. நான் பயந்தது கயிற்றுக்கா? "டாக்டரம்மா, ஈரல்?" என்றேன். அத்தனை நாளில் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சிரிப்பு நின்றது.

அவர் பையனைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, விலாவுக்குக் கீழே விரல்களை வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு விரலை மெல்ல நகர்த்தினார்.

"நல்லாத்தான் இருக்கு. இந்த வயசுல இருக்க வேண்டிய அளவு. முடி முளைச்சிடும், தோல் சரியாயிடும். இந்த வயசுப் பிள்ளைக்குக் கொஞ்சம் வயிறு இருக்கத்தான் செய்யும், அதையே பார்த்துப் பார்த்து உங்களுக்குக் காலும் மெலிஞ்சு தெரியுது. பத்தியத்தை நிறுத்துங்க, பன்னைக் குறைங்க" என்றார்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பின்னால் சுவரோடு நின்றிருந்த அக்கா, "கல்லு மாரி இல்லீங்களா?" என்று கேட்டது மட்டும் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா திரும்பி அவளைப் பார்த்தார். எதுவும் விசாரிக்கவில்லை. கேட்ட விதத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "இங்கே வாம்மா. கையைக் குடு" என்றார்.

"என் கை வாணாங்க."

"குடும்மா."

அக்கா கையை அவரே பிடித்து இழுத்து, விரல்களை நேராக்கி, பையனின் விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்களுக்கு அந்த இடம் மறந்திருக்கவில்லை, டாக்டரம்மா கையை எடுத்த பிறகும் தானாகவே தேடின. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடியும் இந்தப் பக்கம். பையனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டு காலை உதைத்தான். அவள் எடுக்கவில்லை.

"மெத்துனு கீதுடி" என்றாள் என்னிடம். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார். பையனைத் தூக்க நான் கை நீட்டினேன். அதற்குள் அக்கா தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்படியே பஜாரைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, மணவாள நகர் வரைக்கும் நடந்தாள். இவர் கேட்டார், தம்பி கேட்டான், யாரிடமும் கொடுக்கவில்லை. பையன் அவள் தோளில் தூங்கியே போனான்.

"இப்படிக் குடுக்கா. கனமா கீறான், கை வலிக்கப் போவுது" என்றேன்.

"வலிக்கட்டும்டி" என்றாள்.